தேனுண்ணி நீட்டிய நாக்கு

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், கடல் தாண்டித் தெற்கே ஒரு தைலமரக் காடு இருந்தது. ஒரு கோடையில் அது தீப்பிடித்துக்கொண்டது. நெருப்பு அடங்கியபோது முக்கால் காடு கரியாகி நின்றது. மிஞ்சிய மரங்களுக்காகப் பறவைகள் அடித்துக்கொண்டன. ஒருவர் கூட்டை ஒருவர் பிய்த்து எறிந்தார்கள். கடைசியில் எல்லாரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு மரம். பட்டியலில் எந்தக் குடும்பத்திலும் ஏறாதவர்களுக்கு மரம் கிடையாது, கூடு கட்டவும் கூடாது.

பட்டியல் எழுதத் தவளைவாயனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். தவளைக்கு இருப்பதுபோல அகன்ற வாயும் மஞ்சள் முட்டைக்கண்ணும் கொண்ட பெரிய பறவை அவர். அவ்வளவு பெரிய கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று காடே நம்பியது. நம்பியவர்களைத்தான் சொல்ல வேண்டும். அவர் ஒரு மரத்தின் தாழ்ந்த கிளையில் அமர்ந்து, உரிந்து தொங்கிய பட்டைகளில் அலகால் கீறிக் கீறி எழுதினார். எழுதிய பட்டைகளைப் பக்கத்துக் கிளையில் வரிசையாகத் தொங்கவிட்டார்.

முதல் நாள் வரிசையில் பெயரில்லாத ஒருத்தி நின்றாள். பச்சையும் சாம்பலும் கலந்த உடம்பு, கன்னத்தில் மஞ்சளாக ஒரு கீற்று, கொஞ்சம் வளைந்த அலகு. அவள் வயிற்றில் முட்டை இருந்தது. இன்னும் ஐந்து நாள், மிஞ்சிப்போனால் ஆறு. அதற்குள் கூடு கட்டியாக வேண்டும். கூடு இல்லாவிட்டால் முட்டை வெறும் தரையில்தான் விழும். தரையில் பல்லிகள் காத்துக்கொண்டிருந்தன.

கூடவே அவள் புருஷனும் வந்திருந்தான். நல்லவன்தான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான்.

அவள் முறை வந்தது. என்ன குடும்பம் என்று தவளைவாயன் கேட்டார்.

“பூவுல தேன் குடிக்கிறவங்கய்யா நாங்க. எங்க ஆத்தா அப்படித்தான், அவ ஆத்தாளும் அப்படித்தான்.”

“வாய்வார்த்தையெல்லாம் பட்டியல்ல ஏறாது தாயி. அடையாளம் வேணும். அலகைக் காட்டு.”

அலகைக் காட்டினாள். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். வளைந்த அலகு, ஆகவே பஞ்சுருட்டான் குடும்பம் என்று கீறிவிட்டார். அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று. புருஷன் தலையாட்டினான்.

பஞ்சுருட்டான்கள் ஆற்றோரத்து மண்மேட்டில் பொந்து தோண்டிக் குடியிருப்பவர்கள். போன உடனே தோண்டச் சொன்னார்கள். அன்று முழுக்க அவள் தோண்டினாள். அலகு முழுக்க மண், கண் முழுக்க மண், பொந்து ஒரு விரற்கடைகூட ஆழமாகவில்லை. சாப்பிடுவதற்கு உயிரோடு ஒரு தேனீயைக் கொடுத்தார்கள். அது அவள் கன்னத்திலேயே கொட்டியது. மறுநாள் காலையில் பஞ்சுருட்டான்களின் தலைவி, இவள் எங்கள் பெண்ணே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

வீங்கிய கன்னத்தோடு மறுபடி வரிசையில் நின்றாள். வரிசை நேற்றைவிட நீளமாக இருந்தது. இந்த முறை தவளைவாயன் காலைப் பார்த்தார். நகம் மரப்பட்டையை நன்றாகப் பற்றுகிறது, ஆகவே மரமேறிக் குடும்பம் என்றார்.

மரமேறிகள் அடிமரத்தில் தொடங்கித் தத்தித் தத்தி உச்சிவரை ஏறுகிறவர்கள். மரியாதை தெரிந்தவர்கள். அவள் ஏழு தடவை ஏறி ஏழு தடவை வழுக்கி விழுந்ததைப் பார்த்தும் சிரிக்கவில்லை. ஒன்றரை நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு, உங்களுக்கு இது வராது அம்மா, வயிற்றில் முட்டையை வைத்துக்கொண்டு விழாதீர்கள் என்று அவர்களே கொண்டுவந்து விட்டார்கள். அவர்கள் பேசிய விதத்தில் அவளுக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது இருப்பாள்.

மூன்றாம் முறை அவளே கத்திச் சொன்னாள், தேன், தேன் என்று. தவளைவாயன் காதைக் குடைந்துகொண்டு, அப்படியானால் தேன்சிட்டுக் குடும்பம், இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன என்று கேட்டார். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

தேன்சிட்டுகளின் மரத்தில்தான் இருப்பதிலேயே அதிகமாகப் பூ. அவள் ஆசையோடு போய் ஒரு கொத்தில் உட்கார்ந்தாள். கொத்து ஒடிந்து அவளோடு கீழே போயிற்று. தேன்சிட்டுகள் சுற்றி நின்று பார்த்தன. இவ்வளவு கனமா இருக்கிறவ எங்க வீட்டுப் பொண்ணா எப்படி இருப்பா என்று ஒன்று கேட்க, மற்றவை கீச்சுக்கீச்சென்று சிரித்தன. அன்று சாயங்காலமே அங்கிருந்தும் விரட்டிவிட்டன.

ஐந்தாம் நாள் வந்துவிட்டது. வயிறு கனத்தது. அவளால் நேராக நிற்க முடியவில்லை. வரிசையில் முன்னால் விடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். எல்லாருக்கும்தான் அவசரம் என்றார்கள். உச்சி வெயிலில் அவள் முறை வந்தது.

தவளைவாயன் பட்டைகளைப் புரட்டினார். பஞ்சுருட்டான் இல்லை, மரமேறி இல்லை, தேன்சிட்டும் இல்லை. நீளமாகப் பெருமூச்சு விட்டார், என்னவோ அவர்தான் ஐந்து நாள் அலைந்ததுபோல.

“சரி, முதல்லேர்ந்து ஆரம்பிப்போம். அலகைக் காட்டு” என்றார்.

புருஷன் வழக்கம்போல் தலையாட்டினான்.

அந்த இடத்தில்தான் அவளுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. என்ன பேசியும் பலனில்லை, அழுதும் பலனில்லை. காட்டிலுள்ள அத்தனை பேர் பார்க்க, அவள் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து, அந்தப் பெரிய மனுஷனின் முகத்துக்கு நேராக நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாள்.

வரிசையில் நின்றவர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். இனி ஏழேழு பிறவிக்கும் மரம் கிடையாது என்று புருஷன் கண்ணை மூடிக்கொண்டான்.

தவளைவாயனின் முட்டைக்கண் இன்னும் பெரிதாயிற்று. “இன்னொரு தடவை நீட்டு” என்றார்.

சந்தோஷமாக நீட்டினாள். நீளமான நாக்கு. நுனி நாலாகப் பிளந்து, ஒவ்வொரு பிளவும் இழை இழையாகப் பிரிந்து, சுவருக்கு வெள்ளையடிக்கிற மட்டைபோல இருந்தது. பூவில் தோய்த்தால் தேன் மொத்தமும் அதில் ஏறிவிடும். காட்டிலேயே பெரிய வாயை வைத்துக்கொண்டிருந்த அவர், இத்தனை நாளில் ஒருவரைக்கூட வாயைத் திறந்து காட்டச் சொன்னதில்லை.

அதற்குள் பஞ்சுருட்டான்களோடு நின்ற ஒரு கறுப்புக்குருவி தயங்கித் தயங்கித் தன் நாக்கை நீட்டியது. அதே மட்டை. மரமேறிகளிடமிருந்து சிவப்புத்தலை ஒன்று நீட்டியது. தேன்சிட்டுகளின் வரிசையில் நேற்று சிரித்தவற்றில் இரண்டு, தலையைக் குனிந்துகொண்டு நீட்டின. எங்கெங்கோ மாட்டிக்கொண்டு, தனக்குத்தான் எதுவும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக அவள் பக்கம் வந்து நின்றார்கள்.

தவளைவாயன் புதுப்பட்டை ஒன்றை எடுத்து, பூவிலிருந்து தேன் உண்பதால் இவர்கள் தேனுண்ணிக் குடும்பம் என்று கீறினார். பெரிய கண்டுபிடிப்பு செய்தவர்போல் நிமிர்ந்து பார்த்தார்.

“அதைத்தானய்யா மொத நாளே சொன்னேன்” என்றாள் அவள். “இப்ப மரம் எது?”

அவர் பட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கடைசி மரம் காலையில்தான் கிளிகளுக்குப் போயிற்று என்று மெல்லச் சொன்னார்.

அவள் கழுத்தைத் திருப்பினாள். சுற்றிலும் பார்த்தாள். காட்டில் யாருக்கும் கொடுக்காத மரம் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அது அவர் உட்கார்ந்திருந்த மரம். அவள் நேராகப் பறந்துபோய், வரிசையாகத் தொங்கிய பட்டைகளைச் சரக்கென்று இழுத்துக் கிழித்தாள். பஞ்சுருட்டான் போயிற்று, மரமேறி போயிற்று, தேன்சிட்டு போயிற்று. ஐயோ பட்டியல் என்று அவர் அலறுவதற்குள் அவள் குடும்பமே சேர்ந்து கிழித்தது. முதன்முறையாகப் புருஷன் தலையை ஆட்டாமல் வேலை செய்தான். கிழித்த பட்டைகளைச் சிலந்தி நூலால் கட்டி, அவர் கிளையின் நுனியிலேயே கிண்ணம்போல ஒரு கூட்டைத் தொங்கவிட்டார்கள். அந்தி சாய்வதற்குள் அவள் அதில் முட்டையிட்டாள்.

அதன்பிறகுதான் நிதானமாக அவரிடம் பேசினாள்.

“அசையாதீங்கய்யா. கிளை ஆடினா முட்டை விழுந்துரும். குஞ்சு பொரிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுமையா இருங்க. நானும் பொறுமையாத்தான் இருந்தேன்.”

அவர் அசையவில்லை. அசைந்தால் ஒரு குடும்பமே கொத்தும் என்று தெரியும். பட்டியல் போயிற்றென்று கேள்விப்பட்ட மற்ற பறவைகள், எங்களை எப்போது மறுபடி எழுதுவீர்கள் என்று கேட்டு வரிசை கட்டின. மறுபடி முதலிலிருந்து எழுதுவதா என்று அவர் மிரண்டுபோனார். கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, அலகை மேலே தூக்கி, ஒடிந்த கிளைபோல விறைத்துக்கொண்டார். வந்தவர்கள் ஆளைக் காணோமென்று திரும்பிப் போனார்கள்.

அன்று முதல்தான் தவளைவாயன் பகல் முழுக்க மரக்கட்டையாக உட்கார்ந்திருக்கிறது, நான் எந்தக் குடும்பம் என்று யாராவது வந்து கேட்டுவிடப்போகிறார்களே என்ற பயத்தில். எல்லாரும் ஏமாந்து போகிறார்கள். தேனுண்ணிகள் மட்டும் எப்படியோ கண்டுபிடித்து, சுற்றி நின்று, அந்த ஐந்து நாளுக்கும் சேர்த்து இன்றைக்கும் ஏசிக்கொண்டிருக்கின்றன.