எட்டு அணியும் ஒரு மூலைக்காரனும்

“என் ஆட்டம் அவ்வளவு மட்டமா?” என்று கேட்டான் மருதையன்.

கேட்டது குருவிடம். குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். ஃபெலிசிட்டாவுக்கு வயது இருபத்தொன்பது. திருச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் போட்டிச் சட்டம் சொல்லிக்கொடுப்பவர். வியாபாரிகள் கூடிப் பேசிப் போட்டியின் கழுத்தை நெரித்தால், நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற சட்டம்.

மருதையனுக்கு முப்பத்திரண்டு. கபடியில் இடது மூலை காக்கிறவன்.

லீக்கில் எட்டு அணி. போன வருடம் புதிதாக இன்னொரு லீக் கிளம்பியது. அதில் போய் மூன்று ஆட்டம் ஆடினான். நாலாவதுக்குள் அது இழுத்து மூடிக்கொண்டது. திரும்பி வந்தால் எட்டு வாசலும் சாத்தியிருந்தது.

கூட ஆடியவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை. சக ஆட்டக்காரன் தட்டில் உரிமையோடு கைவைத்துத் தின்று வளர்ந்தவன், ஓட்டலில் நாலு பேர் மேசையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

அணி முதலாளிகள் என்ன சொன்னார்கள் என்று குரு கேட்டார். அவரவர் குரலிலேயே சொல்லச் சொன்னார்.

அதில் அவன் கில்லாடி. கோவை மில்காரரின் செருமல் வந்தது.

“இடது மூலைக்கு ஆள் போட்டாச்சு தம்பி. உடம்பைப் பாத்துக்க.”

அடுத்து மதுரை நகைக்கடைக்காரர், மூக்கால் இழுத்து இழுத்து. அப்புறம் சேலத்துக்காரர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. குரு விழுந்து விழுந்து சிரித்தார்.

ஐந்தாவது குரலில் மருதையன் நின்றுவிட்டான்.

“ஒரு வார்த்தைகூட மாறலையே.”

குரு சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

“நிஜமா ஆள் போட்டிருக்காங்களா?”

“நாலு டீம்ல இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க.”

எட்டுப் பேரும் கூடிப் பேசி அவனை ஒதுக்கினார்கள் என்று போட்டி ஆணையத்துக்கு எழுதிய ஒரு மனுவை குரு அவன் முன் வைத்தார். அவன் அதைத் தொடவில்லை. கையெழுத்துப் போட்டால் லீக் பக்கம் இனி தலைவைக்க முடியாது. போதாததற்கு, லீக்கின் வக்கீல் முன்பே அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: எட்டு அணியும் ஒரே குடும்பம், வீட்டுக்குள் யாரைச் சேர்ப்பது என்பது வீட்டு விஷயம்.

“ஒரே குடும்பம்னா, கோப்பைக்கு யாரோட ஆடுறாங்கண்ணே?” என்றார் குரு.

ஆனாலும் மருதையனுக்கு மனசு ஒப்பவில்லை. கோட்டை எங்கே போடுவது, என்றைக்கு ஆடுவது எல்லாம் எட்டுப் பேரும் கூடி உட்கார்ந்து முடிவெடுப்பதுதான். கூடாவிட்டால் ஆட்டமே கிடையாது. கூடியதைக் குற்றம் என்று எப்படி எழுதுவது என்று கேட்டான்.

குரு எழுந்து வந்து அவனருகில் நின்றார். கையை நீட்டினார்.

மூலைக்காரனின் பழக்கம். யோசிக்காமல் கோத்துக்கொண்டான். அந்தக் கையை ஒரு வருடமாக யாரும் பிடித்ததில்லை.

“இப்படிக் கோத்து யாரைப் பிடிப்பீங்க?”

“உள்ள ஏறி வர்றவனை.”

“ஏறவே விடாம வெளிய நிறுத்துறதுக்கும் கோப்பீங்களா?”

மருதையன் கையை விடுவித்துக்கொண்டு பேனாவை எடுத்தான்.