நெல் சொன்ன வயது

வெள்ளூற்று ஊர்க்காரர்கள் சவரிமுத்துவுக்குச் சால்வை போர்த்தினார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, 'மூவாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த எங்கள் ஊர்' என்று பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். பக்கத்து ஊரான சாத்தனூரணியில் ஏற்கனவே அகழாய்வு நடந்திருந்தது. அந்த ஊருக்குக் கிடைத்த வயது இரண்டாயிரத்து எண்ணூறு. அதனாலேயே இந்த மூவாயிரத்துக்குக் கைதட்டல் பலமாக இருந்தது.

சவரிமுத்து பள்ளியில் நெடுங்காலம் வரலாறு நடத்தியவர். ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருடைய வழிகாட்டி பேராசிரியர் மெஹருன்னிசா. மாணவரைவிட அவர் பத்து வயது இளையவர். மாணவர் அவரை 'மேடம்' என்பார். அவரோ மாணவரை 'சார்' என்பார். அகழாய்வுக் குழியில் இருவரும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

சவரிமுத்து மைக்கைப் பிடித்தார்.

"முதுமக்கள் தாழிக்குப் பக்கத்துல கிடந்த விறகுக்கரியை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மரமோ செடியோ, உயிரோட இருக்கிறவரைக்கும் காத்துல இருக்கிற கார்பனை வாங்கிக்கிட்டே இருக்கும். செத்த அன்னிக்கு வாங்குறது நின்னுபோகும். உள்ளே இருக்கிறதுல ஒரு பங்கு கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுக்கிட்டே வரும். மிச்சத்தை அளந்து பார்த்தா, செத்து எத்தனை காலம் ஆச்சுன்னு தெரிஞ்சுடும். நம்ம கரிக்கு வயசு மூவாயிரத்து நூறு!"

விசில் பறந்தது. அது அடங்கியதும் பெண்கள் பக்கத்திலிருந்து சுடலைவடிவு எழுந்தாள். தாழி கிடைத்த நிலம் அவளுடையது. மிளகாய் போட வேண்டிய பருவத்தில் குழி தோண்டிக்கொள்ளச் சொல்லி விட்டுக்கொடுத்தவள்.

"சார், தாழிக்குள்ள ஒரு சின்னச் சட்டி இருந்துச்சுல்லா? அதுல நெல்லு கெடந்துச்சே. அதையும் அனுப்புனதாச் சொன்னீங்க. அதுக்கு என்ன வயசு?"

சவரிமுத்துவுக்கு அது ஒரு வாரமாகவே தெரியும். கரியின் முடிவோடு சேர்ந்துதான் நெல்லின் முடிவும் வந்திருந்தது. இரண்டாயிரத்து அறுநூறு. சாத்தனூரணியைவிடக் குறைவு.

அப்போதுதான் சுடலைவடிவுக்குப் பின்னால், கடைசி வரிசையில், மெஹருன்னிசா உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ஆய்வகம் அவருக்கும் முடிவுகளை அனுப்பியிருந்தது.

ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அது இன்னும் வரலைம்மா."

"வந்ததும் சொல்லுங்க சார். அந்தச் சின்னப் பிள்ளைக்கு வச்ச நெல்லுல்லா" என்று சொல்லிவிட்டு சுடலைவடிவு உட்கார்ந்தாள். தாழியில் இருந்தவை ஒரு குழந்தையின் எலும்புகள்.

மெஹருன்னிசா தலை நிமிரவில்லை. சவரிமுத்துவின் கழுத்தில் சால்வை அரிக்கத் தொடங்கியது.

திரும்பும் வழியில் இருவரும் ஒரே ஜீப்பில் வந்தார்கள். இப்போது கேட்பார், இந்த வளைவு தாண்டியதும் கேட்பார் என்று சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். மெஹருன்னிசா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தண்ணி பாட்டில் உங்க பக்கம் இருக்கா, சார்?"

எடுத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலை. முகாமுக்கு வாடகைக்கு எடுத்திருந்த பழைய வீட்டின் கொல்லையில் மெஹருன்னிசா மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தார். இடிந்த அறையிலிருந்து கழற்றிப் போட்டிருந்த வாசல் நிலையை யாரோ விறகாக உடைத்து வைத்திருந்தார்கள். அதுதான் எரிந்துகொண்டிருந்தது. மேலே கஞ்சி கொதித்தது.

"உட்காருங்க சார். இந்த நிலை எந்தக் காலத்தது?"

"வீட்டுக்காரரோட பாட்டனுக்கும் முந்தி இருந்ததுன்னு சொல்றாங்க, மேடம்."

"மரம்?"

"வைரம் பாய்ஞ்ச மரம். வெட்டும்போதே அதுக்கு எத்தனை வயசோ."

"அரிசி?"

"இந்தத் தையில அறுத்தது."

மெஹருன்னிசா அகப்பையால் கஞ்சியை மொண்டு தட்டில் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

சவரிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் அவமானமாக இருந்தது. இது அவருக்குத் தெரியாத பாடமல்ல. மரக்கரி, மரம் வளர்ந்த காலத்தைத்தான் சொல்லும். அதை யார் எப்போது எரித்தார்கள் என்பதைச் சொல்லாது. நெல்லோ ஒரு போகத்தில் முளைத்து, விளைந்து, முடிந்துபோவது. ஒரு தாழியை எப்போது புதைத்தார்கள் என்று கேட்க வேண்டுமென்றால் நெல்லைத்தான் கேட்க வேண்டும். அதனால்தான் அவரே முன்னின்று நெல்லை அனுப்பச் சொன்னார்.

இருந்தும் மனம் ஒப்பவில்லை.

"கரி பொய் சொல்லலையே, மேடம்?"

"இல்லை. மரத்தைப் பத்தி உண்மையைத்தான் சொல்லியிருக்கு. நாம எப்பக் கஞ்சி குடிச்சோம்னு அதுகிட்ட கேட்டா, அது பாவம், என்ன செய்யும்?"

சவரிமுத்து தட்டைத் தொடவில்லை.

"நெல்லுல ஏதாவது கலந்திருக்கலாம். வேர் புகுந்திருக்கலாம். இன்னொரு தடவை அனுப்பிப் பார்ப்போமே?"

"எதை?"

"நெல்லை."

மெஹருன்னிசா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"நெல் ஏது, சார்? மத்ததெல்லாம் தூளாப் போச்சு. தேறினது அத்தனையும் அனுப்பிட்டோம். எரிச்சு வாயுவாக்கித்தானே அளக்குறாங்க? சட்டி மட்டும்தான் நம்மகிட்ட இருக்கு."

அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினார்.

"ஒரு பிள்ளையோட கூட வச்சு அனுப்பினதை எடுத்து எரிச்சிருக்கோம்" என்றார் மெஹருன்னிசா. பிறகு தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் குழிக்குப் போனார்.

சவரிமுத்து எதிரில் கஞ்சி ஆடைபடியும் வரை உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு வெள்ளூற்றுக்கு நடந்தார். பஞ்சாயத்து அலுவலக வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். தலைவர் நாற்காலி போடச் சொன்னார். சவரிமுத்து உட்காரவில்லை.

"நெல்லோட முடிவு இரண்டாயிரத்து அறுநூறு. தாழியைப் புதைச்ச காலம் அதுதான். கரி வெறும் விறகோட வயசு. நெல்லோட முடிவு வரலைன்னு நேத்து நான் சொன்னது பொய். தெரிஞ்சேதான் சொன்னேன்."

பின்னால் இருந்து ஒருவன், "அப்ப சாத்தனூரணிக்காரன்தான் மூத்தவனா?" என்றான். சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"பேனர் கட்டுறதுக்கு முன்னால சொல்லியிருக்கலாம்லா, சார்? இனி பஸ் ஏறிச் சந்தைக்குப் போனா அவன் மூஞ்சியில நாங்க எப்படி முழிக்கிறது?"

சவரிமுத்து சால்வையை நீட்டினார். வாங்கிக்கொள்ள ஒரு கையும் நீளவில்லை. நீட்டிய கையோடு நின்றார். பிறகு காலியாக இருந்த நாற்காலியின் மேல் அதை வைத்தார்.

சுடலைவடிவு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அவளைத் தாண்டித்தான் தெருவுக்குள் இறங்க வேண்டும்.

"வராததை வந்துட்டுன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறும் சார்" என்றாள். "வந்ததை வரலைன்னு சொல்லிட்டீங்களே."

"தப்புதாம்மா."

"அந்த நெல்லு திரும்பி வருமா?"

"வராதும்மா. எரிஞ்சுபோச்சு."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள். தெருவில் வழக்கமாக 'வாங்க சார்' என்று கூப்பிடும் வீடுகளில் அன்று ஒருவரும் கூப்பிடவில்லை. அவரும் எந்த வாசலையும் பார்க்காமல் ஊரைக் கடந்தார்.

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் பேனர் கட்டியிருந்த கயிறுகள் மட்டும் தொங்கின.

குழியில் மெஹருன்னிசா அடுத்த தாழியின் விளிம்பைத் தூரிகையால் துலக்கிக்கொண்டிருந்தார். சவரிமுத்து இறங்கி எதிர்ப்பக்கம் மண்டியிட்டார். அவரும் ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பந்தல்லயே நீங்க எழுந்து சொல்லியிருக்கலாமே, மேடம்?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லலை?"

மெஹருன்னிசா தூரிகையை உதறினார்.

"நெல்லுக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு தடவைதான் வாய்ச்சுது. உங்களுக்கு இன்னொரு தடவை இருந்துச்சே, சார்."