கடற்பஞ்சின் கண்ணாடி ஊசிகள்

"வாய் இல்லை, கால் இல்லை, கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை. இவளை நான் எந்த வரிசையில் நிறுத்தித் தொலைப்பது?"

அந்தக் காலத்தில், கடலுக்குள் எல்லாரும் பேசிக்கொண்டும், பேச்சைவிட அதிகமாகச் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தபோது, கடற்பஞ்சைக் காட்டி நண்டண்ணன் வைத்த புகார் இது. ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. செடிகளை ஒரு பக்கம், விலங்குகளை ஒரு பக்கம் என்று பிரிக்கும் வேலையைக் கடலம்மா அவரிடம் கொடுத்திருந்தாள். மாலைக்குள் வரிசையில் சேராதவர்களை அலை கரையில் வீசிவிடும். அப்புறம் வெயிலில் காய்ந்து சாக வேண்டியதுதான்.

கடற்பாசி முந்திக்கொண்டாள். "செடி வரிசையில் தள்ளாதீர்கள், அண்ணே. நாங்கள் வெயிலில் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பம். இவள் தண்ணீரை உறிஞ்சி, அதில் மிதப்பதைத் தின்கிறவள்."

"தின்கிறேன் இல்லையா? அப்போது நான் விலங்குதானே!" என்றாள் கடற்பஞ்சு. "உட்கார்ந்த இடத்திலேயே நாள் முழுக்க ஊர்த் தண்ணீரை வடிகட்டுகிறேன். உங்கள் வீட்டு அழுக்கும் அதில் உண்டு, அண்ணே."

"பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. விலங்கென்றால் ஓடு வேண்டும், முள்ளாவது வேண்டும். நீ தொட்டால் அமுங்குகிறாய்."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வடிகட்டிய தண்ணீரில் கிடைத்த கண்ணாடிச் சத்தையெல்லாம் ஊசி ஊசியாக இழைத்து உடம்புக்குள் வைத்திருந்தாள் கடற்பஞ்சு. யாருக்கும் காட்டியதில்லை.

"வெட்டிப் பாருங்கள்," என்றாள்.

"எங்கே?"

"எங்கே வேண்டுமானாலும்."

கொடுக்கு இறங்கியது. வெட்டிய இடமெல்லாம் பளபளவென்று ஊசிகள். நண்டண்ணன் கொடுக்கு நுனியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"விலங்கு வரிசை," என்றார் கடைசியில்.

அதோடு விட்டிருக்கலாம். பின்னாலேயே அவள் தங்கைகள் நின்றார்கள்.

"அவர்களை வெட்ட வேண்டாம், அண்ணே. என் கூடப் பிறந்தவர்கள்தான்."

"உன்னையா நம்பினேன்? ஊசியை நம்பினேன்."

ஒருத்தி விடாமல் வெட்டினார். ஒரே சிவப்பில் இருந்த இருவருக்குள் வேறு வேறு ஊசி. ஒருத்திக்குக் குண்டூசி, இன்னொருத்திக்கு நட்சத்திரம். கிண்ணம் போல இருந்தவளுக்கும் விரல் விரலாக இருந்தவளுக்கும் ஒரே ஊசி. முகத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்று தீர்மானித்து, ஊசி ஒத்தவர்களை ஒரே குடும்பமாக நிறுத்தினார்.

அன்று முதல்தான் கடற்பஞ்சுக்கு விலங்குக் கூட்டத்தில் நிரந்தர இடம் கிடைத்தது. அன்று முதல்தான் ஒரு துண்டு வெட்டி உள்ளிருக்கும் ஊசியைப் பார்க்காமல், அவள் எந்தக் குடும்பம் என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை.

வெட்டிய இடம் வளர்ந்து மூடிய பிறகு அவள் கேட்டாள்: "ஒரே ஒரு தடவை, வெட்டாமல் என் பெயரைச் சொல்லுங்களேன், அண்ணே."

நண்டண்ணன் கொடுக்கைத் தீட்டிக்கொண்டிருந்தார்.