களிக்குள் இறங்கிய நண்டு

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் சண்டையும் இருந்தது. ஆனால் நண்டுக்கு வளை மட்டும் இல்லை. ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது மண்ணைக் குடைந்து வீடு கட்ட அதற்கு என்ன தலையெழுத்து? கல்லடியில் படுத்துக் கிடக்கும். பசித்தால் எழுந்து, நம்மைப் போலவே முன்னால் பார்த்து நேராக நடக்கும்.

செங்கரடு என்று ஒரு நிலம். செம்மண் மேடு, நடுவில் ஓர் ஓடை, இரு கரையிலும் உடைமரங்கள். அந்த ஓடையில் செவத்தா என்றொரு நண்டு இருந்தாள். நண்டுதான் என்றாலும், அவள் செய்த காரியத்தை நினைத்தால் ‘அது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மறு வருஷமும் வானம் கண் திறக்கவில்லை. ஓடை குட்டையாகி, குட்டை சேறாகி, சேறும் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. செவத்தாவின் மடியில் அப்போதுதான் பொரித்த குஞ்சுகள் இருந்தன. நண்டுகள் வயிற்றுக்கு அடியில் இருக்கும் மடிப்பில்தான் குஞ்சுகளைச் சுமக்கும். அந்த மடியில் ஈரம் இருக்கும் வரைதான் குஞ்சுகளுக்கு உயிர்.

உடைமரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். கூட்டத்தைக் கூட்டியவர் முட்டியான் என்ற காட்டுப்பன்றி. மண்ணைத் தோண்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அது அவருக்கும் நன்றாகவே தெரியும்.

“நான் நோண்டாத எடமில்ல. சொட்டுத் தண்ணி கெடையாது. மலைக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடுது. வெயில் தாழ எல்லாரும் கெளம்புற வழியப் பாருங்க” என்றார்.

“நான் மலையத் தாண்ட மாட்டேன் மாமா. பாதி வழியிலயே என் மடி காஞ்சிரும்” என்றாள் செவத்தா.

“அதுக்கு நான் என்ன செய்ய புள்ள? வேணும்னா முதுகுல தூக்கிட்டுப் போறேன்.”

“என்னத் தூக்குவீங்க. வெயில யாரு தடுப்பா?”

முட்டியான் காலால் மண்ணைக் கிளறினார். செவத்தா விடவில்லை.

“எங்கெங்க தோண்டிப் பாத்தீங்க மாமா?”

“ஓடைக்குள்ளதான். தண்ணி ஓடுன எடத்துலதான தண்ணி இருக்கும்?”

“தோண்டுனப்ப என்ன மண்ணு வந்துச்சு?”

“இது என்ன கேள்வி? மண்ணு, மண்ணாத்தான் வந்துச்சு!”

கூட்டம் சிரித்தது. செவத்தா சிரிக்கவில்லை. மாமா இத்தனை குழி தோண்டியிருக்கிறார், ஒரு குழியிலாவது என்ன வந்தது என்று குனிந்து பார்க்கவில்லையே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

“எனக்குக் கொஞ்சம் அவகாசம் குடுங்க. இந்த மண்ணுக்கு அடியில என்ன இருக்குன்னு நான் பாத்துச் சொல்றேன். இல்லன்னா நீங்க கெளம்புங்க, நான் இங்கயே கெடந்துக்கறேன்” என்றாள்.

முட்டியான் முறைத்தார், உறுமினார், கடைசியில் புறப்பாட்டைத் தள்ளிப்போட்டார். வெளியேதான் கரடுமுரடு, உள்ளே இளகின மனசு.

செவத்தாவுக்குத் துணையாக நின்றது சாம்பாத்தி என்ற முயல் ஒருத்தி மட்டும்தான். அவளுக்கும் கண் திறக்காத குட்டிகள் இருந்தன. வெயில் ஏறினால் செவத்தாவுக்கு நிழலாகத் தன் உடம்பைக் கொடுத்து உட்கார்ந்துகொள்வாள்.

செவத்தா எடுத்த எடுப்பில் பெரிய குழி எதுவும் தோண்டவில்லை. தன் உடம்பு நுழையும் அளவுக்குச் சின்னத் துளை ஒன்று போடுவாள். அடிமண்ணைக் கொடுக்கால் கிள்ளி, உருண்டையாகப் பிடித்து, மேலே கொண்டுவந்து துளையின் வாசலில் வைப்பாள். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு துளை, அதற்கும் வாசலில் ஓர் உருண்டை. ஓடையை விட்டு மேட்டில் ஏறி, உடைமரங்களைத் தாண்டி, கரடு முழுக்க இதே வேலை.

“புள்ளைகளுக்கு உருண்டை பிடிச்சு ஊட்டப் போறா போல” என்று நரி கேலி செய்தது. செவத்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேலே எங்கும் செம்மண்தான். அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல். சுக்கானில் முட்டியதும் பாறை வந்துவிட்டது என்று எல்லோரும் திரும்பிவிடுவார்கள். முட்டியானும் அப்படித்தான் திரும்பியிருந்தார். செவத்தா அதைக் கொடுக்கால் தட்டிப் பார்த்து, இடுக்கு தேடி, சுரண்டிச் சுரண்டித் தாண்டினாள். சில இடங்களில் சுக்கானுக்குக் கீழே உடைந்த பாறை கிடந்தது. அதன் வெடிப்பில் ஒரு கல்லைப் போட்டால் அது பாதாளம் வரைக்கும் உருண்டு போகிற சத்தம் கேட்டது. இன்னும் சில இடங்களில் மணல் வந்தது. தேய்ந்து உருண்ட, அசல் ஓடை மணல். ஓடையே இல்லாத மேட்டில் ஓடை மணல் எப்படி வந்தது?

செவத்தா அந்த மணலை ஒரு பிடி பிடித்துப் பார்த்தாள். பிடித்தது உதிரவில்லை. காய்ந்த மணல் உருண்டையாக நிற்காது. நிற்கிறது என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. அவள் அடுத்த துளையைப் போட ஓடினாள்.

சாம்பாத்தி ஒரு கறையான் புற்றின் மேல் ஏறி, பின்னங்காலில் நின்று பார்த்தாள்.

“மதினி! மணல் உருண்டையெல்லாம் தனியா ஒரே வரிசையில வருது. அந்த மரத்தச் சுத்தி, அப்படியே வளைஞ்சு பள்ளத்துப் பக்கம் போகுது. ஒரு ஓடை மாதிரியே இருக்கு!”

செவத்தா எக்கி எக்கிப் பார்த்தாள். நண்டின் கண் காம்பாக நீண்டது அப்போதுதான் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

“ஓடை மாதிரி இல்ல சாம்பாத்தி, ஓடையேதான். முன்ன இங்கதான் ஓடியிருக்கு. பெறகு தடம் மாறிப் போயிருக்கு. மணல மட்டும் மண்ணுக்குள்ள விட்டுட்டுப் போயிருக்கு.”

மண்ணுக்குள் புதைந்த ஓடையை மேலே உருண்டைகளாக வரைந்துவிட்டாள். உள்ளங்கை அகலம் இல்லாத ஒரு நண்டு! நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

அந்த வரிசை பள்ளத்தில் போய் முடிகிற இடத்தில் முட்டியானைத் தோண்டச் சொன்னாள். அவர் அரைமனதாகத்தான் தொடங்கினார். செம்மண் பறந்தது, சுக்கான் உடைந்தது, மணல் வந்தது. மணலைச் சுற்றிலும் கசிவு வந்தது. கசிவு ஊறி, குழியில் தெளிந்த தண்ணீர் நின்றது. முட்டியான் முகத்தை விட்டுக் குடித்தார். நிமிர்ந்து, “ஏ புள்ள!” என்றார். மறுபடியும் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார். செவத்தா தண்ணீரில் இறங்கி மடியை நனைத்தாள். குஞ்சுகள் நெளிந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“மாமா, ஒண்ணு சொல்றேன்” என்றாள் பிறகு. “மணலுக்குக் கீழ களிமண்ணு இருக்கு. அந்தக் களிதான் தண்ணியத் தாங்கிட்டு நிக்குது. களிக்கும் கீழ ஒடஞ்ச பாறை. ஓடைக்கரைச் சுவத்துல இந்த அடுக்கப் பாத்திருக்கேன். களியத் தொட்டுறாதீங்க.”

“சரி சரி” என்றார் முட்டியான்.

தண்ணீர் வந்த செய்தி பரவியது. சுற்றுவட்டாரத்து மான், நரி, கீரி எல்லாம் வந்து நின்றன. குழித் தண்ணீர் ஊற ஊற, குடிக்கிறவர்கள் காத்துக் கிடந்தார்கள். முட்டியானுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கொஞ்சம் ஆழப்படுத்தினால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்குமே என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். குழிக்குள் இறங்கி, முகத்தால் ஒரு முட்டு முட்டினார். வழுவழுவென்று களி வந்தது. இன்னொரு முட்டு முட்டினார்.

குழியின் அடியில் ‘கொடகொட’வென்று சத்தம் கேட்டது. தண்ணீர் சுழன்றது. எல்லோர் கண் முன்னாலும் அது இறங்கிக்கொண்டே போனது. முட்டியான் களியை அள்ளி ஓட்டையில் திணித்தார். திணித்த களியைத் தண்ணீர் கரைத்து இழுத்துக்கொண்டு போனது.

செவத்தா ஓடிவந்தாள். ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. மணலில் இருந்த தண்ணீரெல்லாம் பாறை வெடிப்புக்குள் போய்விட்டால், அப்புறம் தேட வேறு தடம் இல்லை. அவள் மடியைத் திறந்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஈர மணலில் விட்டாள்.

“எங்க மதினி போற?” என்று சாம்பாத்தி பதறினாள்.

“இதுகளப் பாத்துக்கோ.”

அவ்வளவுதான் சொன்னாள். சுழலுக்குள் குதித்து, களியில் விழுந்த ஓட்டைக்குள் இறங்கி, எல்லாக் கால்களையும் அகல விரித்து, முதுகு ஓட்டால் வழியை அடைத்துக்கொண்டாள்.

“மாமா! இப்பக் களிய அள்ளிப் போடுங்க!”

“நீ உள்ள இருக்கியே புள்ள!”

“நான் இருந்தாத்தான் களி நிக்கும். போடுங்க!”

முட்டியான் வாழ்நாளெல்லாம் தோண்டியவர். ஒன்றை மூட அவருக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு களியை அள்ளி அவள் மேல் போட்டார், மிதித்தார், மறுபடியும் போட்டார். மிதிக்க மிதிக்க அழுதார். சத்தம் நின்றது. தண்ணீர் மெல்ல ஊறி, பழைய அளவுக்கு வந்து நின்றது.

செவத்தா வரவில்லை.

பொழுது சாய்ந்தது. முட்டியானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “நான் போட்டுப் பொதச்ச பாவி. நானே தோண்டி எடுத்துர்றேன்” என்று எழுந்தார். சாம்பாத்தி குறுக்கே போய் நின்றாள்.

“தோண்டுனா தண்ணி போயிரும். அவ உள்ள போனதுக்கே அர்த்தமில்லாமப் போயிரும். உக்காருங்க” என்றாள். பன்றியை முயல் அதட்டியது அதுதான் முதல் தடவை. முட்டியான் உட்கார்ந்துவிட்டார். குஞ்சுகள் அவர் முகத்தருகே ஈரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தன.

விடிந்து வெயில் ஏறியது. வறண்ட ஓடையின் கரையில், வெட்டிவிட்டது போல நிற்கும் சுவரில், களி ஒரு பட்டையாக வெளியே தெரியும் இடம் ஒன்று உண்டு. அங்கே மேய்ந்த மான் ஒன்று திடுக்கிட்டு நின்றது. களியில் இருந்து ஓர் உருண்டை வெளியே வந்து விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பிறகு ஒரு கால் வந்தது. பக்கவாட்டில் ஒரு கால், அதையடுத்து இன்னொரு கால், கடைசியில் களி பூசிய உடம்போடு செவத்தா வந்தாள்.

மேலே வந்திருந்தால் அடைப்பு உடைந்திருக்கும். கீழே வெடித்த பாறை. அதனால் களிக்குள்ளேயே, பக்கமாகவே, கிள்ளிக் கிள்ளி வழி செய்து, கிள்ளிய களியால் பின்னால் அடைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். திரும்பக்கூட இடமில்லாத அந்த இடுக்கில் அவள் கால்களெல்லாம் பக்கத்துக்கே மடங்கிப் பழகிவிட்டன.

முட்டியான் விழுந்தடித்து ஓடிவந்தார். “தாயி!” என்றார். அதுவரை அவளை அவர் அப்படி அழைத்ததில்லை.

“தண்ணி நிக்குதா மாமா?” என்று கேட்டாள் செவத்தா.

“நிக்குது தாயி. நிக்குது.”

அவள் குழியை நோக்கி நடந்தாள். முன்னால் வைக்க நினைத்த கால் பக்கத்தில் போய் விழுந்தது. அப்படியே போனாள். குஞ்சுகள் தலை தூக்கிப் பார்த்தன. அம்மா வருகிற விதத்தைப் பார்த்து, அவையும் பக்கமாகத் திரும்பி, அவளை நோக்கி ஓடின.

அந்த நாள் தொட்டுத்தான் பன்றி மேல்மண்ணை மட்டும் கிளறுகிறது. நண்டு வளை தோண்டி, அடிமண்ணை உருண்டையாக வாசலில் வைக்கிறது. தண்ணீரைத் தொட்டதும் வளையை நிறுத்திவிடுகிறது, அதற்குக் கீழே ஒரு நகக்கண் அளவு கூடப் போவதில்லை. அது பக்கமாக நடப்பதும் அன்றிலிருந்துதான். பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நேராக மேலே வரும் வழி அவளுக்கும் தெரிந்தேதான் இருந்தது.