தராசில் ஏறிய உண்மை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் இருந்த காலத்தில், ஒரு மன்னர் இருந்தார். பிறந்தநாள்தோறும் தம் எடைக்கு எடை பொன் நிறுத்து விகாரைக்குக் கொடுப்பார். யாரும் தட்டில் கைவைத்துத் தில்லுமுல்லு செய்யக்கூடாதல்லவா? அதனால் குளத்துப் படித்துறையில், தண்ணீருக்கு மேலே தொங்கும் பெரிய தராசில்தான் நிறுப்பார்கள்.

அந்த வருஷம் விகாரையின் பிக்கு, "மன்னா, பொன்னைவிட உயர்ந்த தானம் ஒன்று உண்டு. உண்மையை ஒருவருக்கு எடுத்துச் சொல்வதே அது" என்று சொல்லிவைத்தார். மன்னருக்கு ஆசை பிறந்துவிட்டது.

"அப்படியானால் இம்முறை எதிர்த்தட்டில் உண்மையை வையுங்கள்!"

சபை திருதிருவென்று விழித்தது. தராசு அதிகாரி அரிட்டருக்கு மட்டும் வாயெல்லாம் பல். விகடகவி கண்டீரன்மேல் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"பெருமானே, இதற்குக் கண்டீரனே தக்கவர். அவர் வைக்கும் உண்மையின் தட்டு தாழாவிட்டால் அவர் நாட்டை விட்டே போகட்டும்" என்றார். மன்னரும் தலையாட்டினார்.

கண்டீரனுக்குப் பகீரென்றது. பிறந்து வளர்ந்த ஊர். பேச்சைத் தவிர வேறு பிழைப்பும் தெரியாது. படித்துறைக்குப் போய்த் தராசைச் சுற்றிச் சுற்றி வந்தான். மேலே ஓரிடத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டான்.

பிறந்தநாளன்று ஒரு தட்டில் ஓலை நறுக்கு ஒன்றை வைத்தான். மறுதட்டில் மன்னர் ஏறி அமர்ந்தார். அவர் தட்டு தொபுக்கென்று இறங்கியது. ஓலை ஆகாயத்துக்குப் போனது. அரிட்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஓலையில் எழுதியதைச் சொல்லிவிடுகிறேன், மன்னா. தாங்கள் இளைத்துவிட்டதாக மூன்று வருஷமாக எல்லோரும் சொல்கிறார்கள். தாங்கள் பருத்துவிட்டீர்கள். தலைக்கு மேலே பாருங்கள், கயிற்றில் இரண்டு புரிதான் பாக்கி!"

மன்னர் நிமிர்ந்து பார்த்தார். அலறியடித்துக்கொண்டு படியில் தாவினார். அவர் தட்டு விர்ரென்று மேலே போக, ஓலைத் தட்டு இறங்கித் தண்ணீரைத் தொட்டது.

"உண்மை கனத்துவிட்டது, மன்னா" என்று கைகட்டி நின்றான் கண்டீரன்.

"அடப்பாவி! ஏறுவதற்கு முன்பே சொல்வதற்கென்ன?"

"முன்பே தானம் கொடுத்துவிட்டால் தட்டில் வைக்க என்னிடம் என்ன இருக்கும்?"

அரிட்டர் பதறினார். "கயிறு உறுதியானது, பெருமானே!"

"அப்படியா? எங்கே, நீர் ஏறி உட்காரும்" என்றார் மன்னர்.

அரிட்டர் தடாலென்று காலில் விழுந்தார். "கயிறு நைந்தது தெரியும், பெருமானே! தடித்த கயிறு வேண்டுமென்று கேட்டால், தாங்கள் தடித்துவிட்டதாகச் சொன்னது போலாகுமே என்றுதான் மூன்று வருஷமாக வாயைத் திறக்கவில்லை."

மன்னருக்குக் கோபம் வந்து, பாதியிலேயே சிரிப்பாக மாறியது. கழுத்து ஆரத்தைக் கழற்றிக் கண்டீரனுக்குப் போட்டார். "இனித் தராசு உன் பொறுப்பு. புதுக்கயிறு எவ்வளவு தடிமன் வேண்டும்? உண்மையைச் சொல்."

கண்டீரன் மன்னரை ஏற இறங்கப் பார்த்தான்.

"யானைக் கொட்டிலில் கேட்டு வாங்கிவிடலாம், மன்னா."

மன்னர் சிரித்த சிரிப்பில் படித்துறைப் புறாக்களெல்லாம் பறந்துபோயின.