மாமன் பெட்டியும் செவப்பு அம்பும்

கால ஆட்டாத சாமி. கதை வேணுமின்னா கால ஆட்டப்படாது. அந்தத் துணிய வாயில இருந்து எடு, ம் கொட்டறதுக்கு வாய் வேணுமில்ல? நீ ம் கொட்டலீன்னா கதை பாதி வழியில நின்னு அழுகும், ஆமா. வெயில் தாழறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுருவியாம்.

ஒரு ஊர்ல ஒரு செக்கிங்காரி இருந்தா. பேரு நாகேஸ்வரின்னு வெச்சுக்குவோமே. அவ வேலை என்னன்னா, பனியன் கம்பெனியில தெச்சு வர்ற குட்டிக்குட்டிப் பாப்பா சட்டையெல்லாம் மேசை மேல விரிச்சுப் போட்டு, நூல் விட்டிருக்குதா, ஓட்டை இருக்குதா, இழுத்தா பட்டன் கையோட வருதான்னு பாக்கறது. கொறை இருந்தா அந்த எடத்துல நகத்தளவு செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டுவா. டக்! அம்பு விழுந்தா அந்தச் சட்டை வெளிய போகாது. மொதலாளியே வந்து, போகட்டும் விடம்மான்னு சொன்னாலும் விட மாட்டா. கண்ணுல வெளக்கெண்ண ஊத்திட்டு உக்காந்திருப்பா.

ம்?

அப்புறம் அவளுக்கு ஒரு பையன் பொறந்தான். லீவு போட்டுட்டு ஊட்டுல இருந்தா. அப்போ சிங்கப்பூர்ல இருக்கற அவ அண்ணன் சென்னியப்பன், மருமவனுக்கு மாமன் சீரு செய்யோணும்னு ஒரு ஏற்பாடு பண்ணுனான். மாசாமாசம் ஊட்டு வாசலுக்கு ஒரு பெட்டி வந்து எறங்கும். அந்தந்த மாசத்து வயசுக்குத் தக்கன பொம்மை உள்ள இருக்கும். மொதப் பெட்டிய ஒரு வாரம் பாரு அம்மணி, எது ஆகும் எது ஆகாதுன்னு நீயே சொல்லு, நல்லாருந்தா வருசம் பூரா வர்ற மாதிரி சொல்லிப்புடறேன்னான்.

பெட்டி வந்துச்சு. சரக்குனு டேப்பக் கிழிச்சா. உள்ள மூணு பொம்மை, கூட ஒரு அட்டை. பாப்பா இந்த மாசத்துல இந்தப் பொம்மைய எல்லாம் கண்ணாலயே தொரத்திட்டுப் போகும்னு அட்டையில எழுதியிருந்துச்சு. பையனுக்கு அப்போ ரெண்டு மாசம் முடிஞ்சு மூணாவது நடக்குது.

மொதப் பொம்மை ஒரு மர வளையம், அதுல மணி கோத்திருந்துச்சு. கம்பெனிக் கை சும்மா இருக்குமா? ஒரு இழுப்பு இழுத்தா. படக்! ஒரு மணி கையோட வந்துருச்சு. சுண்டக்கா தண்டி. பையன் வாயில போயிருந்தா தொண்டையில நின்னிருக்கும். வேற ஆளு குடுத்திருந்தா அம்ப ஒட்டி மூலையில வீசியிருப்பா. ஆனா வந்திருக்கறது மாமன் சீராச்சே. சீர்ல குத்தம் சொன்னா பொறந்த ஊட்டையே கொறை சொன்ன கணக்குன்னு வளந்தவ அவ. அதனால வளையத்தக் கொண்டு போயி அரிசி டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுட்டா. அண்ணன் போன்ல கேட்டப்போ, எல்லாம் சூப்பரா இருக்குதுண்ணான்னு சொல்லிப்புட்டா.

ஆமா சாமி, பொய்யிதான். பெரியவங்களும் சொல்லுவாங்க. கால ஆட்டாத.

அப்புறம் ரெண்டாவது பொம்மை. சாம்பக் கலர்ல ஒரு துணி முயல். ஈரத் துணிய வெச்சுத் தேய் தேய்னு தேச்சா, சாயம் போகல. கண்ணுக்குப் பட்டன் இல்ல, நூல்லயே தெச்சிருந்துச்சு. நல்ல பீஸ். சந்தோசமாப் பையன் மூஞ்சிக்கு நேரா ஆட்டுனா. இந்தப் பக்கம் கொண்டு போனா, அந்தப் பக்கம் கொண்டு போனா. அவன் பாட்டுக்குக் கொட்டாவி விட்டுட்டுக் கெடந்தான். அந்த நேரம் பாத்து அடுத்த ஊட்டு ருக்குமணியக்கா எட்டிப் பாத்து, ஏ அம்மணி, பையனுக்கு இன்னும் பார்வை நெலைக்கலியான்னு கேட்டுட்டுப் போயிருச்சு. அது கேட்டது ஒரு பேச்சுதான். இவ அந்தப் பேச்சையே புடிச்சுக்கிட்டா.

அப்போ மூணாவதும் எடுத்தா. சந்தனக் கலர்ல மரக் குருவிங்க, கயித்துல தொங்கறது. தொட்டில் கம்புல கட்டி ஆட்டுனா. விசுக், விசுக். பையன் பாக்கல. அவுத்து சன்னல் பக்கம் கட்டுனா. பாக்கல. சொவத்துப் பக்கம் கட்டுனா. பாக்கல. அடுப்புல ரசம் பொங்கி வழியுது, அது தெரியல அவளுக்கு. உக்காந்தா எந்திரிக்கறா, எந்திரிச்சா உக்காரறா. பால் குடிக்கறப்போ மொகத்தப் பாக்கறானேன்னு ஒரு மனசு சொல்லுது. அது பால் வாசத்துக்குத் திரும்பறதோன்னு இன்னொரு மனசு சொல்லுது. என்ற புள்ளைக்குக் கண்ணு தெரியலியோன்னு ஒரு நெனப்பு வந்துருச்சு பாரு, அது வந்தப்புறம் எங்க நிம்மதி? நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகோணுங்கன்னு ஊட்டுக்காரருகிட்டச் சொல்லிட்டு அப்பவே துணிமணி எடுத்து வெக்கப் பையத் தூக்கிட்டா. அது அவ கம்பெனிக்குக் கொண்டு போற பை.

ம்? கேக்கறியா?

பைக்குள்ள கைய விட்டா ஏதோ சுருளாத் தட்டுப்பட்டுச்சு. என்ன? அம்பு ஸ்டிக்கர். வேலைக்கு உக்காரும்போது நாலு அம்ப எடுத்து எடது பொறங்கையில ஒட்டி வெச்சுக்கறது செக்கிங்காரங்க பழக்கம், எடுத்து ஒட்டத் தோதா இருக்கும். நெனப்பெல்லாம் பையன் மேல இருக்குது, கை தன்னால நாலு அம்ப ஒட்டிக்கிச்சு. டக், டக், டக், டக். அந்தக் கையோட தொட்டில் துணிய வெலக்குனா.

பையன் கண்ணு டக்குனு கைக்கு வந்துச்சு.

அவ கைய மெதுவா வலது பக்கம் நகத்துனா. கண்ணும் வலது பக்கம் போச்சு. எடது பக்கம் நகத்துனா. எடது பக்கம் வந்துச்சு. மேல தூக்குனா. மேல போச்சு, கூடவே வாயும் தொறந்துச்சு.

அப்பறம்தான் அவ முயலப் பாத்தா, குருவியப் பாத்தா, ஊட்டுச் சொவத்தப் பாத்தா. எல்லாம் ஒரே வெளிறல். வெள்ளச் சோத்துல தயிர் ஊத்துன மாதிரி எது எதுன்னு அந்தக் குட்டிக் கண்ணுக்கு எங்க பிரியும்? அழகா இருக்குதுன்னு பெரியவங்க வாங்கறதுக்கு அடிச்ச கலரு அது. தொட்டில் கயித்தப் புடிச்சுட்டு ஓன்னு அழுதா.

"பீஸ்ல குத்தம் பாக்கத் தெரிஞ்சவ, சீருன்னு கண்ண மூடிட்டு, என்ற புள்ள மேல குத்தம் பாத்துட்டனே."

ஆனாலும் அவ செக்கிங்காரி இல்ல? ஒருக்கா பாத்தா போதாதுன்னு மறுநா ஆஸ்பத்திரிக்கும் போயிட்டுத்தான் வந்தா. கண்ணு ரெண்டும் தங்கமா இருக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வந்ததும் வளையத்த அரிசி டப்பாவுக்குப் பின்னால இருந்து எடுத்தா. வளையத்துக்கு ஒரு அம்பு, குருவிக்கு ஒரு அம்பு. வீடியோ கால் போட்டு அண்ணனுக்குக் காட்டுனா.

"அண்ணா, இதுக ஆகாது. மொத நாளே மணி கழண்டுச்சு. நாந்தான் சொல்லல."

மாமனுக்குக் கோவம் வந்துச்சான்னு கேக்கறியா? வந்துச்சு. அன்னிக்கே ஏன் சொல்லலன்னு சத்தம் போட்டான். அப்புறம் மணி எத்தன தண்டின்னு கேட்டான். வெரல் நுனியில வெச்சுக் காட்டுனா. அவன் மொகம் சுண்டிப் போச்சு.

"எனக்கு மரியாதை பாத்தியா அம்மணி? அவன் முழுங்கியிருந்தா அந்த மரியாதைய வெச்சுட்டு நா என்ன பண்றது?"

அப்பவே பெட்டிய நிறுத்திட்டான். முயல் மட்டும் தங்குச்சு, பையன் பெருசானா ஆகும்னு. கம்பெனியில இருந்து செவப்புல வெள்ளக் கோடு போட்ட வெட்டுத் துணி ஒண்ணு வாங்கியாந்து, அவளே ஓரம் மடிச்சு ரெட்டைத் தையல் போட்டா. போட்டுட்டு மூணு தடவ இழுத்துப் பாத்தா. தையல் விடல. அப்புறந்தான் பையன் கையில குடுத்தா. அம்புச் சுருள் மட்டும் பரண் மேல ஏறிருச்சு, முழுங்கிருவானே.

அந்தத் துணி என்னாச்சா? செவப்பு வெளுத்துப் போச்சு, கோடு பாதி காணாமப் போச்சு, ஒரு மூல கடிச்சுக் கடிச்சுக் கஞ்சியாட்டம் ஆயிருச்சு. ஆனா தையல் மட்டும் விடல. வேணுமின்னா உன்ற கையில இருக்கறத இழுத்துப் பாரு.

இழுத்தியா? ம்.

நூலும் தீந்துச்சு, கதையும் தீந்துச்சு. கண்ண மூடு சாமி.