மோகினி கழற்றிய செருப்பு

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன பேயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் அது பத்மாசனி எடுத்த படம்தான். வேறு எந்த டைரக்டருக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

படத்தின் பெயர் 'நெருஞ்சிக்காட்டு மோகினி'. செட் போட வசதியில்லாமல் நிஜமான நெருஞ்சிக்காட்டிலேயே எடுத்தார்கள். மோகினியாக நடித்த குமுதவல்லி வெறுங்காலோடு நாலு எட்டு வைத்தாள். 'ஐயோ அம்மா' என்று காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, செருப்பைப் போட்டுக்கோ. கால் தெரியாம எடுத்துக்கலாம்" என்றார் பத்மாசனி.

கேமராக்காரர் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளைச் சேலை காற்றில் பறக்கிற அழகில் சொக்கிப்போய், தலை முதல் கால் வரை மொத்தமாக எடுத்துவிட்டார். நீல வார் ரப்பர் செருப்பு படத்தில் பளிச்சென்று விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை. காட்டைத் தாண்டி வீட்டுக்குள் நுழைய வேண்டிய இடம் வந்தது. குமுதவல்லி வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். குனிந்து ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். அப்புறம்தான் உள்ளே போனாள்.

பேய்க்குக் காலே கிடையாது என்று சொல்கிற ஊரில்!

படம் வந்தபோது பத்திரிகைக்காரர்கள் நார் நாராகக் கிழித்தார்கள். வந்த வேகத்தில் படம் பெட்டிக்குள் சுருண்டது. அதோடு எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பல வருஷம் கழித்து, வத்தலகுண்டு சிவகாமி டாக்கீஸில் ஒரு ஆடி மாச ஞாயிறு. புதுப்படம் வந்து சேரவில்லை. கையில் கிடைத்ததை ஓட்டு என்று மேட்னிக்கு மோகினியை ஓட்டினார்கள். அவள் செருப்பைக் கழற்றியதும் முன்வரிசையிலிருந்து ஒரு லாரி டிரைவர் எழுந்தார். "தாயே, நீயே கழட்டிட்டியா! அப்ப நான் எந்த மூலைக்கு?" என்று கத்தி, தன் செருப்பைக் கழற்றினார். தியேட்டரே கழற்றியது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஆடி முதல் ஞாயிறு என்றால் மதுரை, தேனி என்று எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வருகிறார்கள். பவுடர் அப்பி, விக்கு மாட்டி, மீசை வைத்த மோகினிகள்கூட வருவார்கள். திரையில் அவள் செருப்பைக் கழற்றினால் இவர்களும் கழற்ற வேண்டும். அவள் வெளியே வந்து மாட்டிக்கொண்ட பிறகுதான் இவர்கள் மாட்டிக்கொள்ளலாம். சட்டம் என்றால் சட்டம்தான்.

இருதயராஜ் பத்மாசனியின் இணை இயக்குநர். நாற்பது தாண்டியவன். மோகினிக்கு அடுத்த படத்தில் வந்து சேர்ந்தவன். பத்மாசனியின் போஸ்டர்களில் 'இருதய பலவீனம் உள்ளவர்கள் வர வேண்டாம்' என்று போடுவார்கள். அப்போதெல்லாம் யூனிட்டில் "நம்ம இருதயத்தை உள்ள விடாதீங்கப்பா" என்று கேலி நடக்கும். பீட்ரூட்டில் ரத்தம் காய்ச்சுவது, மழைப்பாட்டுக்குத் தண்ணீர் லாரி பிடிப்பது, ஒரே எலும்புக்கூட்டை மூன்று பேராகக் காட்டுவது என்று எல்லா வித்தையும் அவரிடம் கற்றுக்கொண்டான்.

இப்போது அவனே ஒரு படம் எடுத்திருந்தான். லாட்ஜில் பேய். தயாரிப்பு, மனைவியின் தம்பி ஆரோக்கியம்.

வேண்டியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒருவரும் பயப்படவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. இடைவேளையில் போன இரண்டு பேர் திரும்பி வரவே இல்லை.

"இன்னும் ஒரே ஒரு நாள் ஷூட்டிங் தர்றேன் மச்சான். அதுல சரியாகலைன்னா படத்தை மறந்துடுவோம்" என்றான் ஆரோக்கியம்.

அந்த ஒரு நாள்தான் நாளைக்கு. இது போனால் இந்த வயதில் இன்னொரு படம் யாரும் தரமாட்டார்கள் என்று இருதயராஜுக்கு நன்றாகவே தெரியும். காலையில் பஸ் ஏறி வத்தலகுண்டு வந்தான். அன்று ஆடி முதல் ஞாயிறு. பத்மாசனி வருஷா வருஷம் வருவார்.

டாக்கீஸ் எதிரே டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஒரு கேள்வி."

"முதல்ல டீ குடி, இருதயம்."

"டீ இறங்காது மேடம். ஒரு படம் எதனால இப்படி ஆகுது? கோடி கொட்டி எடுத்த படமெல்லாம் போன இடம் தெரியலை. நம்ம மோகினி சாக மாட்டேங்குறா. நானும் நீங்க பண்ணின தப்பெல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். ஒருத்தன் சிரிக்கலை."

"நான் என்னய்யா தப்பு பண்ணினேன்?"

"அந்தச் செருப்பு மாதிரி. நான் பேய்க்குக் கைக்கடிகாரம் கட்டிவிட்டேன். பிணத்தைத் தும்ம வச்சேன். மைக் கம்பை வேணும்னே படத்துல தெரியுற மாதிரி நீட்டச் சொன்னேன்."

பத்மாசனி டீயை ஊதினார். சிரிப்பை அடக்குகிறார் என்பது தெரிந்தது.

"உன் பேய் எதுக்கு அந்த லாட்ஜுக்கு வருது?"

"பயமுறுத்த."

"யாரை?"

"ஆடியன்ஸை."

"அவங்க லாட்ஜுல ரூம் போடலையேப்பா."

இருதயராஜ் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"பேயா நடிக்கிற பொண்ணு இதைக் கேட்கலையா?"

"கேட்டா மேடம். 'நான் எதுக்கு சார் வர்றேன்'னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு வந்து நில்லும்மான்னு சொன்னேன்."

டாக்கீஸில் மணி அடித்தது. பத்மாசனி எழுந்தார்.

"வா, படம் பார்க்கலாம்."

"எத்தனை தடவை பார்த்த படம் மேடம்!"

"நீ படம் பார்க்கலை. செருப்பைப் பார்த்தே. இன்னைக்கு அவ மூஞ்சியைப் பாரு."

உள்ளே நிற்க இடமில்லை. பத்மாசனியை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரியவில்லையே என்று அவருக்கும் வருத்தமில்லை. இருவரும் கடைசி வரிசையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இருதயராஜுக்குப் பக்கத்தில் ஒரு பெண், முகமெல்லாம் வெள்ளை அப்பி, தலைவிரி கோலத்தில் இருந்தாள். மடியில் முறுக்குப் பொட்டலம்.

படம் ஓடியது. அடடா, என்ன அட்டகாசம்! மோகினி வரும் முன்பே "வாடி என் தங்கம்" என்றார்கள். எலும்புக்கூடு வந்தால் "அண்ணன் சாப்பிட்டாச்சா" என்றார்கள். மழைப்பாட்டில் ஒரு பக்கம் மட்டும் மழை பெய்தது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் விசில் அடித்தார்கள்.

மோகினி பிரசவத்தில் செத்தவள். வைத்தியம் பார்க்க விடாமல் சாகடித்த மாமியாரின் கழுத்தைக் கடிக்க வருகிறாள். கதை அவ்வளவுதான். வீட்டுக்குள் ஒரு தொட்டில் உண்டு. அதில் அவள் குழந்தை. குழந்தைக்கு எங்கே போவது? பழைய சேலையைச் சுருட்டி மூட்டை கட்டிப் போட்டிருந்தார்கள். மூட்டையின் முடிச்சே தெரியும்.

நெருஞ்சிக்காடு முடிந்தது. வாசல் வந்தது. "செருப்பு! செருப்பு!" என்று கொட்டகை அதிர்ந்தது.

இத்தனை வருஷத்தில் இருதயராஜ் ஒரு தடவைகூடச் செருப்பைக் கழற்றியதில்லை. நாம் சினிமாக்காரர்கள், நமக்கு எதற்கு இந்தக் கூத்து என்று நினைப்பான். இன்று சொன்னபடி மூஞ்சியைப் பார்த்தான்.

குமுதவல்லி கதவுக்கு வெளியே நின்றாள். பல்லெல்லாம் பீட்ரூட் ரத்தம். முந்தானையை எடுத்து வாயைத் துடைத்தாள். ஒரு காலைத் தூக்கினாள். செருப்பு தரையில் படும் சத்தம் கேட்காமல் மெல்லக் கழற்றினாள். மற்றதையும் அப்படியே. ஜோடி சேர்க்கக் குனிந்தவள் நிமிரவில்லை. குனிந்த வாக்கிலேயே உள்பக்கம் காதைக் கொடுத்தாள். கண் மட்டும் மலர்ந்தது. அப்புறம் படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனாள்.

கொட்டகை முழுக்கச் செருப்புகள் கழன்றன. சிரிப்பு அலை அலையாக எழுந்தது. அவள் தொட்டில் பக்கம் போனாள், சிரிப்பு அடங்கிப்போனது. முடிச்சுத் தெரிகிற அந்தத் துணிமூட்டையை அவள் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு விசில் இல்லை. கொட்டகையில் எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ "உஸ்" என்றார்கள்.

பக்கத்துப் பெண் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். முகத்து வெள்ளை கலைந்து தாடையில் வழிந்தது.

"சிரிக்கணும்னுதான் அண்ணே வர்றோம். இந்த இடத்துல மட்டும் வருஷா வருஷம் முடியலை" என்றாள்.

 இருதயராஜ் இருட்டில் காலாலேயே தள்ளித் தன் செருப்பைக் கழற்றினான்.

மாமியார் கழுத்து கடிபட்டது. படம் முடிந்தது. வெளியே வெயிலில் கண் கூசியது. ஆரோக்கியம் போனில் வந்தான்.

"நாளைக்கு என்ன மச்சான் எடுக்கிறோம்? இன்னும் ரெண்டு பேய்க்குக் கடிகாரம் வாங்கட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம். கட்டினதையும் கழட்டிடு."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணுக்குப் போன் போடு. அவ கேட்ட கேள்விக்கு நாளைக்குப் பதில் சொல்றேன்னு சொல்லு."

"என்ன கேள்வி?"

"அவளுக்குத் தெரியும்."

போனை வைத்துவிட்டு பத்மாசனியிடம் திரும்பினான்.

"மேடம், எடிட்டிங்ல அந்த இடத்தை வெட்டியிருக்கலாமே. ஏன் வெட்டலை?"

"எடிட்டிங் வரைக்கும் ஏன் போறே? ஷூட்டிங் ஸ்பாட்லயே கத்தினேன். இன்னொரு டேக் போகணும்னு குதிச்சேன். 'ஏண்டி, பேய் எவளாவது செருப்பைக் கழட்டிட்டுப் போவாளா'ன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன்."

"அதுக்குக் குமுதவல்லி என்ன சொன்னாங்க?"

பத்மாசனி டாக்கீஸ் படியில் நின்றார். கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போயிற்று.

"'சத்தம் போடாதீங்க மேடம், உள்ள பிள்ளை தூங்குது'ன்னா."